வெளிச்சத்தில் பிடித்த படம்

பதினோரு வருஷமாகக் குமரேசனுக்கு அந்த ஆத்திரம் ஆறவில்லை. ஆரணியில் ஒரு பட்டு முதலாளியின் கடையில் புடவைக்குக் குற்றம் பார்க்கிறவர் சவரிராஜ். குமரேசன் நெய்து கொண்டுபோன மாம்பழக் கலர் புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இழை விட்டிருக்கிறது என்று நாலு பேர் எதிரில் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெறும் நிழல் அது என்று அவன் எவ்வளவோ சொன்னான்.

"தறியில ஒக்காந்து தூங்கிகினு இருந்துட்டு, நிழலுன்றியா?" என்றார் மனுஷன்.

இழை விட்டிருந்ததா இல்லையா, இன்றுவரை அவனுக்கே தெரியாது.

சவரிராஜின் கண் அப்படி. சர்ச்சில் பூசைக்குப் போனாலும் முன் வரிசைப் பெண்கள் கட்டிய பட்டில் குற்றம் கண்டுபிடித்து, மனைவி சகாயம்மாளிடம் விலாவில் இடி வாங்குவார்.

இப்போது அவருக்குச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறது. ரத்தப் பரிசோதனையும் சரியில்லை. வேலூருக்குப் போய் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்கள். மகன் துபாயில். துணைக்கு அவர் கூப்பிட்டது குமரேசனை. ஊரில் வேறு ஆளே இல்லையா என்று குழம்பிக்கொண்டேதான் அவனும் போனான்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். புராஸ்டேட் சுரப்பியில் ஒரு புள்ளி. சதைக்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று காட்டும் படங்களில், ஒன்றில் அது வெள்ளை, இன்னொன்றில் அதே இடம் கறுப்பு. அப்படி மாறி வந்தால்தான் புற்றுநோய்ச் சந்தேகம் பலமாகும். சந்தேகத்துக்கு அஞ்சுக்கு நாலு மார்க் போட்டிருக்கிறோம், நாலென்றால் நல்லதில்லை. ஊசியால் சதை எடுத்துப் பார்த்தால்தான் புற்றுநோயா, எவ்வளவு தீவிரம் என்று தெரியும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்.

சவரிராஜ் போடாமல் எழுந்து வந்துவிட்டார்.

வராண்டா ஜன்னல் வெளிச்சத்தில் எம்.ஆர்.ஐ. படத்தைப் பிடித்தார். திருப்பிப் பிடித்தார். நிஜமான குற்றம் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இது இங்கே வெள்ளை, அங்கே கறுப்பு, அப்படியானால் குற்றமே இல்லை என்றார்.

"நிழல்பா இது."

அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்கத்தான் குமரேசன் பதினோரு வருஷம் காத்திருந்தான். கேட்டபோது சந்தோஷம் வரவில்லை. டாக்டர் சொன்னதுதான் சரி என்று பட்டது. பழைய கோபம்தான் அப்படி நினைக்க வைக்கிறதோ என்றும் பட்டது.

"உள்ள போயி கையெழுத்து போடுணா," என்றான்.

சவரிராஜ் உள்ளே போகாமல், படத்தை அவனிடம் நீட்டினார்.

"இத்தினி வருஷம் நான் பாத்தேன். இப்ப நீ பாரு, குமரேசா. எம்மேல இருக்கற கோவத்த அப்பால வெச்சிட்டு, குத்தம் இருந்தா இருக்குதுன்னு சொல்லு. நீ சொன்னா போடறேன்."