அட்டைப்பெட்டிகளோடு ஒரு ரிசீவர் கோச்

பதின்மூன்று வயதில் திருப்பூரிலிருந்து டெக்சாஸுக்கு வந்தபோது எனக்கு உருப்படியாகத் தெரிந்தது ஒன்றுதான்: பின்னால் ஓடிக்கொண்டே தலைக்கு மேல் வரும் பந்தைப் பிடிப்பது. கிரிக்கெட்டில் பவுண்டரி ஓரம் நின்று பழகியது. கையால் எறிந்து ஆடும் இந்த ஊர் ஃபுட்பாலில் அதற்கென்றே ஓர் இடம் இருந்தது. ரிசீவர். ஓடு, பிடி, அடி வாங்கு, எழுந்திரு. ஹைஸ்கூலிலும் காலேஜிலும் நான் ஸ்டார். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். நான் நன்றாக ஆடிய வாரங்களில் மளிகைக்கடை வரிசையில் முன்பின் தெரியாதவர்கள் அப்பாவுக்குக் கைகொடுப்பார்கள்.

காலேஜ் கடைசி வருடம் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆட்டம் முடிந்தது. கம்ப்யூட்டர் படி என்றார்கள். ஒரே நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காருவதா, நானா? ரிசீவர்களுக்கு மட்டும் பயிற்சி தரும் கோச் ஆனேன்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஹெட் கோச்சை வேலையைவிட்டு அனுப்பினால் அவருக்குக் கீழே இருப்பவர்களையும் கூடவே அனுப்பிவிடுவார்கள். என் ஆட்கள் ஒரு பந்தைக்கூட நழுவவிடாமல் பிடித்திருந்தாலும் சரி, மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்படித்தான் டெக்சாஸிலிருந்து கலிபோர்னியாவுக்கு, சான் ரமோனுக்குப் போனோம். அங்கிருந்து நியூஜெர்சிக்கு, ஐசலின் என்ற ஊருக்கு.

என் மனைவி ஃபார்மசிஸ்ட். மாநிலத்துக்கு மாநிலம் மருந்துச் சட்டம் வேறு. போகிற இடமெல்லாம் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும், பாவம். ஐசலின் வீட்டில் பால் காய்ச்சிய அன்று பால் பொங்கி அடுப்பில் வழிந்து, ஸ்மோக் அலாரம் ஊரைக் கூட்டியது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதான் கடைசி. இனிமே எந்த ஸ்டேட்லயும் நான் எக்ஸாம் எழுத மாட்டேன். போறதா இருந்தா நீ மட்டும் போ. நானும் பாப்பாவும் வரமாட்டோம்."

சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள்.

நியூஜெர்சியில் மூன்றாவது சீசனில் தோல்விக்கு மேல் தோல்வி. கடைசி ஆட்டத்திலும் தோற்றால் ஹெட் கோச்சுக்கு வேலை போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹாலுக்கும் கராஜுக்கும் நடந்தேன். கராஜில் பிரிக்காமலே கிடந்த அட்டைப்பெட்டிகளை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு மாற்றி வைத்தேன்.

"அப்பா, கேன் யூ ஜஸ்ட் சிட் டவுன்?" என்று மகள் கத்தினாள். உட்கார்ந்தேன். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

ஜெயித்துவிட்டோம்! கடைசி நிமிடத்தில் என் ரிசீவர் ஒருவன் எல்லைக்கோட்டுக்குள் ஒற்றைக் காலை ஊன்றிப் பந்தை அமுக்கினான். ஹெட் கோச் தப்பினார், நானும் தப்பினேன். மனைவி ஓடிவந்து அத்தனை பேருக்கு முன்னால் என்னைக் கட்டிக்கொண்டாள். "இங்கயே இருக்கலாம்ல? இங்கயே இருக்கலாம்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அடுத்த ஞாயிறு மதியம், நம்மூர்க் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில், ஓர் ஓட்டலில் நானும் அவளும் தோசைக்கு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. டெக்சாஸில் பெரிய யுனிவர்சிட்டி ஒன்று. ரிசீவர் கோச் வேண்டுமாம். வெளியே போய்ப் பேசினேன். வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன், சத்தியமாக. வாயில் வந்ததோ, "எப்போது வந்து சேர வேண்டும்?" புடவைக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே நடையாய் நடந்து எல்லாவற்றையும் விசாரித்தேன். நாளைக்குள் முடிவு சொல்லச் சொன்னார்கள்.

அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"எந்த ஊரு?"

"டெக்சாஸ். இன்னும் ஒத்துக்கல."

"ஜெயிச்சாச்சு இல்ல? இப்ப உன்னை யாரு வெரட்டுறா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஒருத்தரும் விரட்டவில்லை. இத்தனை வருடமும் ஹெட் கோச்சுகள் தலையில் பழியைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு முறை பெட்டி கட்டும்போதும் உள்ளுக்குள் குஷியாகத்தான் இருந்திருக்கிறேன்.

அங்கேயே, அவள் எதிரிலேயே போன் போட்டேன். நான் வரவில்லை, மன்னிக்கவும் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"எங்ககூட இருக்கறது உனக்கு இவ்ளோ கஷ்டமா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன், ஆனால் ஒரு நொடி தாமதித்துத்தான் சொன்னேன். அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள்.