அத்தானின் லாரி மீட்டர்

என் அக்காள் கணவரின் லாரியைத்தான் தென்காசியில் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பாரம் கூடுதலாக ஏற்ற, அத்தான் அதற்குப் பெரிய டயர் போட்டார். டயர் பெரிதானால் மீட்டர் வேகத்தைக் குறைத்துக் காட்டும்.

“மீட்டரைச் சரிபண்ணணுமே அத்தான்?”

“பண்ணியாச்சு மாப்ள. நீ முள்ளைப் பாத்து ஓட்டு.”

நம்பி ஓட்டினேன். சாரல் சீசனில், குற்றாலம் ரோட்டில், அதிவேகம் என்று போலீஸ் பிடித்தது. முள் முப்பதைத் தாண்டவே இல்லை. சந்தேகம் வந்து, திரும்பும்போது மைல்கற்களைக் கவனித்தேன். மீட்டரில் ஒரு மைல் ஆவதற்குள் அடுத்த கல் வந்துவிட்டது.

“மறந்துட்டேன் மாப்ள. கோர்ட்டுல நானே வந்து சொல்லுதேன்” என்றார் அத்தான்.

வந்தார். கூண்டேறிச் சொன்னார்: “மீட்டர்ல ஒரு குத்தமும் இல்லைய்யா. இவன்தான் சொன்னாக் கேக்காமப் பறக்கான்.”

என் லைசென்ஸை ஆறு மாதம் முடக்கிவிட்டார்கள். அதே லாரியை அத்தான் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து ஊர் திரும்பினேன். பயத்தில் ஏதோ உளறிவிட்டார் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது ஒரு மைல்கல் வந்தது. மீட்டரைப் பார்த்தேன். அடுத்த கல் வரவும் சரியாக ஒரு மைல் புரண்டது. அதற்கடுத்த கல்லுக்கும் அப்படியே. கோர்ட்டுக்கு வருமுன்பே எனக்குத் தெரியாமல் சரிசெய்திருக்கிறார்.

“எப்ப சரிபண்ணுனீங்க அத்தான்?”

“எதை மாப்ள?” என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்காவுக்காக இன்றும் அந்த வீட்டுக்குப் போகிறேன். அத்தான் மணி எட்டு என்று சொன்னால், சுவர்க் கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.