இடது கைக் கோல்

பனி விழத் தொடங்கினால் ஆஸ்முண்டுக்கு ஒரே வேலை. பெரிய இயந்திரத்தை ஓட்டிப்போய் அந்த நார்வேப் பள்ளத்தாக்கு முழுக்கப் பனிச்சறுக்குத் தடம் போடுவான். ஊரே அவன் போட்ட தடத்தில் இரண்டு கோல் ஊன்றிச் சறுக்கும். அவன் மகள் ரன்வெய்க்கு மட்டும் வலது கையில் ஒற்றைக் கோல்.

பிறவியிலேயே அவள் இதயத்தில் ஓட்டை. அதை அடைத்தபின் துடிப்பு தடுமாறியதால், ஆறு வயதில் இடது தோளுக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். அதிலிருந்து ஒரு கம்பி இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குப் போயிற்று. இடது கையால் ஓங்கித் தள்ளித் தள்ளியே கம்பி நைந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அம்மா கூன்வோர் அதில் கறாராக இருந்தாள்.

பத்து வயதில், பள்ளிக்கூடச் சறுக்கு நாளுக்கு முந்தின வாரம், ரன்வெய் இயந்திரக் கொட்டகைக்கே வந்து நின்றாள்.

"அப்பா, இன்னொரு கோலும் குடு. என்னை நொண்டிக் காக்கான்னு கூப்பிடுறாங்க."

"அம்மா என்னைக் கொன்னுடுவா."

"அம்மாகிட்ட யாரு சொல்லப்போறா?"

வேறு ஊர் அப்பன் என்றால் ஒரு சைக்கிளைக் காட்டிச் சமாதானம் செய்திருப்பான். இது நடக்கப் பழகும்போதே சறுக்கவும் பழகும் ஊர். பாவி மனுஷன், மனசு கேட்காமல் கொடுத்துவிட்டான்.

ஆறு வருஷம் கழித்து அவள் வகுப்பில் மயங்கி விழுந்தாள். கழுத்துக்குக் கீழே காறை எலும்புக்கு அடியில் கம்பி ஒடிந்திருந்தது. புதியதை நுழைக்கப் பழையதை எடுத்தாக வேண்டும். அதுவோ குழாயோடு ஒட்டி வளர்ந்துபோயிருந்தது.

"லேசரால பிரிச்சுப் பிரிச்சு இழுக்கணும். குழாய் கிழிஞ்சாலும் கிழியலாம்," என்றார் டாக்டர். "இடது கைக்கு ரொம்ப வேலை குடுத்தாளா?"

"ஒத்தைக் கோல்தான், டாக்டர்," என்றாள் கூன்வோர்.

ரன்வெய் அப்பாவைப் பார்க்காமலே, "புத்தகப் பையை அந்தத் தோள்லதான் மாட்டுவேன்," என்றாள். அப்பனைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள்.

கம்பியை இழுக்கும்போது இதயத்தருகே குழாய் கிழிந்தது. நெஞ்சைத் திறந்தும் இரத்தத்தை நிறுத்த முடியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள், இருவரும் குடிக்காத காபிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்முண்டால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ரெண்டாவது கோலை நான்தான் குடுத்தேன், கூன்வோர்."

அவள் ஆறிப்போன கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"தெரியும். வீட்டுக்குப் பின்னால தடத்துல ரெண்டு பக்கமும் கோல் குத்தின குழி இருக்கும். அவளைத் தவிர அங்க யாரு போறா?" அவள் குரல் உடைந்தது. "அவ அவ்வளவு சந்தோஷமா இருந்தா, ஆஸ்முண்ட், அதான் நானும் தடுக்கல. டாக்டர்கிட்ட நான் தெரிஞ்சேதான் பொய் சொன்னேன்."