கொக்கு மார்க் கிருமிநாசினி

1974ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி இருபது நிமிடம். மாத்தளையில் அன்று காற்றே இல்லை. தகரக் கூரைக்குக் கீழே மூச்சு விடுவதற்கே வியர்த்தது. அந்த நேரத்தில்தான் முதலாவது போத்தல் வெடித்தது. நேரத்தை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், முன்னறை மணிக்கூடு என் கண்ணுக்கு நேராக இருந்தது. அது நான்கு நிமிடம் பிந்தி ஓடும். அந்த நான்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போத்தல் மாமாவுடையது. மாமா அம்மாவின் தம்பி. எந்த வேலையிலும் நிலைக்காதவர், ஆனால் எந்த வேலையையும் தன்னால் செய்ய முடியும் என்று நம்பியவர். அப்போது வெளிநாட்டுச் சாமான்களின் இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியிருந்தது. துணி இல்லை, கோதுமை மா இல்லை, சவர்க்காரத்துக்கு வரிசை. கப்பலில் வந்துகொண்டிருந்த பினாயில் போத்தலும் கடைகளிலிருந்து காணாமல் போனது. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் நிலையம், எல்லா இடத்துக் கழிவறையும் தன் சொந்த வாசனைக்குத் திரும்பிவிட்டது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மாமா மட்டும் அதில் ஒரு வியாபாரத்தைக் கண்டார்.

'கொக்கு மார்க் கிருமிநாசினி' அப்படித்தான் பிறந்தது. லேபலில் ஒற்றைக் காலில் மூன்று கொக்குகள். அவற்றின் கீழே, 'தண்ணீரில் வெளுக்கும், கிருமியைக் கொல்லும்.' பல்லேபொலயில் காய்ச்சி விற்ற கறுவா இலை எண்ணெயை வாங்கி, தண்ணீர் சேர்த்து, கழுவிய சாராயக் கால்போத்தல்களில் அடைத்து, தக்கை வைத்து மெழுகால் மூடினார்.

வாசனையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் ஊரில் பினாயிலை யாரும் மோந்து பார்த்து வாங்குவதில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார்கள். பால்போல வெளுத்தால் நல்ல சரக்கு, வெளுக்காவிட்டால் போலி. மாமாவின் எண்ணெய் தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாக மிதந்தது. சவர்க்காரம் கலந்தால் வெளுத்திருக்கும். சவர்க்காரத்துக்கு எங்கே போவது? கடைக்காரர்கள் போத்தலைத் திருப்பித் தந்தார்கள்.

பிறகு ஒரு நாள் வெளுக்கத் தொடங்கியது. அருமையாக வெளுத்தது. எப்படி என்று கேட்டால் மாமா வாய் திறக்கவில்லை.

"என்ன மச்சான், பசுமாடு ஏதும் வாங்கியிருக்கீங்களா?" என்று அரசாங்க அலுவலகமான கச்சேரியில் இலிகிதராக இருந்த அப்பா கேட்டார்.

"சிரிங்க அத்தான், சிரிங்க. நாளைக்கு ஒங்க கச்சேரியிலயே கொக்குதான் நிக்கும்."

கடைக்காரர்கள் ஆளுக்கு நாலைந்து என்று வாங்கினார்கள். அதன்பின் பெரிய ஓடர் வந்தது. பக்கத்துத் தோட்டத்து டிஸ்பென்சர், அதாவது தோட்ட ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான மருந்தாளர், பத்து டசின் எடுப்பதாகச் சொன்னார். பிடித்திருந்தால் இன்னும் மூன்று தோட்டங்களுக்கும் சொல்வாராம். மாமா வட்டிக்குக் கடன் வாங்கி எண்ணெயும் போத்தலும் சேர்த்தார். எண்ணெய் விலை ஏறியபோது போத்தலுக்கு அதன் அளவைக் குறைத்தார். வெளுப்பில் மட்டும் கை வைக்கவில்லை.

"இந்த ஓடர் மட்டும் போயிருச்சின்னா அக்கா, இனி ஒங்ககிட்ட கை நீட்டவே மாட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சோறு போட்டாள்.

அந்தச் சனிக்கிழமை டிஸ்பென்சர் வந்து முன்னறையில் உட்கார்ந்தார். சீனி இல்லாத காலம், கருப்பட்டித் துண்டோடு வெறும் தேத்தண்ணி கொடுத்தோம். சுவரோரம் போத்தல்கள் அடுக்கியிருந்தன. மாமா கிளாஸில் ஒரு சொட்டு விட்டார்.

"நல்லா வெளுக்குதே தம்பி" என்றார் டிஸ்பென்சர்.

அப்போதுதான் அது வெடித்தது. தக்கை பறந்து திருஇருதய ஆண்டவர் படத்தின் கண்ணாடியில் அடித்தது. இரண்டாவது கூரையில் பட்டது. மூன்றாவதற்கு டிஸ்பென்சர் மேசைக்கு அடியில் போய்விட்டார். தேத்தண்ணியும் அவரோடு போனது. அதற்குப் பிறகு ஒரு போத்தல் இன்னொன்றுக்குச் சைகை காட்டியதுபோல் வரிசையாக வெடித்தன.

இது இன்றைக்கு வேடிக்கையாக இருக்கும். அப்போது எழுபத்தொன்றின் இளைஞர் கிளர்ச்சி முடிந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. பால் டின்னில் குண்டு செய்தார்கள் என்பதைக் கேட்டுப் பயந்திருந்த தெரு அது. அவசரகாலச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை. எதிர்வீட்டுக்காரர் பொலிசுக்கு ஓடினார். சற்று நேரத்தில் ஒரு சார்ஜனும் இரண்டு கொன்ஸ்தாபிள்களும் வாசலில் துப்பாக்கியோடு நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் முழுத் தெருவும் நின்றது. கொக்கு வாங்கிய கடைக்காரர்களும் அதில் இருந்தார்கள்.

"என்ன செய்றது இங்க?" என்று சார்ஜன் தமிழில் கேட்டார். அவர் சிங்களவர்.

"பினாயில், மாத்தயா" என்று மாமா மரியாதையாகச் சொன்னார்.

"பினாயில் வெடிக்கிறது இல்ல. உள்ளுக்கு என்ன போட்டது?"

மாமா கூட்டத்தைப் பார்த்தார். மேசைக்கு அடியிலிருந்து எழுந்து வந்திருந்த டிஸ்பென்சரைப் பார்த்தார்.

"அது தொழில் ரகசியம், மாத்தயா. சொல்ல ஏலாது."

"சொல்லாட்டி ஸ்டேசனுக்கு வா."

அந்த நாட்களில் ஸ்டேசனுக்குப் போன இளைஞர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு வயது இருபத்தாறு. முகம் வெளிறிவிட்டது, ஆனால் வாய் மூடியே இருந்தது. ஒரு கொன்ஸ்தாபிள் அவருடைய கையைப் பிடித்தார்.

"தேங்காப்பால்" என்றது ஒரு குரல்.

அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். தெருவில் எல்லோருக்கும் கேட்கும்படி சிங்களத்திலும் சொன்னாள். "பொல் கிரி, மாத்தயா. வேற ஒண்ணுமில்ல. நாந்தான் பிழிஞ்சு குடுத்தேன்."

சார்ஜன் வெடிக்காத ஒரு போத்தலை எடுத்துத் தக்கையைக் கவனமாகத் திறந்தார். மோந்தார். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். "புளிச்சிப் போச்சு" என்றார். கிருமிகளைக் கொல்ல வேண்டிய சரக்கில் கிருமிகள் குடும்பம் நடத்தியிருந்தன.

"எங்க வீட்ல கறிக்குத் தேங்கா இல்ல. நீங்க கக்கூசுக்கு ஊத்துறது?" என்று சொல்லிவிட்டு மாமாவின் கையை விடச் சொன்னார்.

தெரு சிரித்த சிரிப்பை நான் மறக்கவில்லை. டிஸ்பென்சர் நனைந்த சட்டையோடு புறப்படும்போது லேபலைப் பார்த்து, "கொக்கு நல்லா வந்திருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

கொக்கு மார்க் அன்றோடு செத்தது. கடைக்காரர்கள் மீதிப் போத்தல்களைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். பையன்கள் மாமாவைத் தேங்காய்ப்பால் குழம்பின் பெயரால் 'சொதி மாமா' என்று கூப்பிட்டார்கள். அவர் எண்ணெய்க் கடனை அடைக்க ஒரு மரக்காலையில் பலகை சுமந்தார். இரவில் எங்கள் பின்கொட்டிலில் படுத்தார். ஆனால் அம்மாவோடு பேசவில்லை, வீட்டில் சாப்பிடவுமில்லை. அம்மா தினமும் அவருக்கு ஒரு தட்டு எடுத்து மூடிவைத்தாள். மறுநாள் காலை அது எனக்கு வந்தது.

நான் மாமாவின் பக்கம். துப்பாக்கிக்கு முன்னால் அவர் ரகசியத்தைக் காத்து நின்றார், அம்மாவால் இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. ஒன்பது வயதில் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. தவிர எனக்கு என் சொந்தக் கவலையும் இருந்தது. லேபல் ஒட்டியது நான். டசினுக்கு இருபது சதம் பேச்சு. பதினெட்டு டசின் ஒட்டியிருந்தேன். ஒரு சதம்கூட வரவில்லை.

மூன்று வாரம் முணுமுணுத்த பிறகு, அம்மா தேயிலை டின்னைத் திறந்து காசை என் கையில் எண்ணி வைத்தாள். "மாமா குடுக்கச் சொன்னாங்க. போய் நன்றி சொல்லிட்டு வா."

கொட்டிலுக்கு ஓடினேன். "காசு கெடச்சிச்சு மாமா."

"என்ன காசு?"

"லேபல் காசு. நீங்க குடுக்கச் சொன்னதா அம்மா குடுத்தாங்க."

மாமா தன் கால்விரல்களைப் பார்த்தார்.

"செலவழிச்சிட்டியா?"

"இல்ல."

"குடு. சனிக்கிழம தாரேன்."

கொடுத்தேன். அவர் எழுந்து, கால் கழுவி, அடுக்களைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். காசை அம்மாவுக்கு முன்னால் அடுப்பு மேடையில் வைத்தார். பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு மாமா சொன்னார்: "சொதி கெட்டியா இருக்கு."

"இப்பதான் பாலு வீட்ல தங்குது" என்றாள் அம்மா.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுப்புப் புகை என்று நினைத்தேன். அடுப்பு அணைந்திருந்ததை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு மேல் கணக்குப் போடவில்லை. அம்மா கொடுத்த காசு என்னைச் சுற்றிக்கொண்டு அம்மாவிடமே திரும்பிவிட்டதே, இதில் சிரிக்கவும் அழவும் என்ன இருக்கிறது என்று வாசலில் நின்று யோசித்தேன். எந்தச் சனிக்கிழமை என்று மாமா கடைசிவரை சொல்லவில்லை. அக்காவும் தம்பியும் மறுபடி பேசிக்கொள்வதற்கு ஆன செலவு முழுவதும் என்னுடையது: மூன்று ரூபா அறுபது சதம்.