வலத்தோளில் முந்தானை

அந்தப் புகைப்படத்தை நான் முதலில் நம்பவில்லை. ஆரணியில் ஒரு பட்டுக்கடையின் கல்லாவுக்குப் பின்னால், சாமி படங்களுக்கு நடுவே மாட்டியிருந்தது. அதில் இருந்தவர் ஊமைப்படக் காலத்தில் ஊர் ஊராகக் கொண்டாடிய ஒரு நடிகை. இன்று ஒரு பிரதிகூட மிஞ்சாத அவருடைய படத்தில் வரும் காட்சி அது என்றார் கடைக்காரர். கட்டியிருப்பது தன் தாத்தா நெய்த புடவையாம்.

அந்தத் திரைப்படத்தைப் பற்றித்தான் நான் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் பெயரில் வரப்போகும் முதல் எழுத்தில் ஒரு பொய் ஏறிவிடக் கூடாது.

கடைக்காரர் பேசப் பேசச் சந்தேகம்தான் வளர்ந்தது. அந்த நடிகை பாடினால் கொட்டகையே அழும் என்றார். ஊமைப்படத்தில் எப்படிப் பாடினார் என்று கேட்டேன். ஃபேனை வேகமாக வைக்கச் சொல்லிப் பேச்சை மாற்றினார். இன்னொன்றும் உறுத்தியது. நான் பார்த்த பழைய பத்திரிகைப் படங்கள் எல்லாவற்றிலும் அந்த நடிகையின் முந்தானை இடத்தோளில் இருக்கும். இதில் வலத்தோளில் கிடந்தது.

“அந்தக் காலத்துல அப்படித்தாம்மா கட்டுவாங்க. நீ எழுதினா நாலு பேரு நம்புவாங்க,” என்றார்.

யாரோ வீட்டுப் பெண்ணுக்கு வேஷம் கட்டி எடுத்தது என்று முடிவு செய்து, குறிப்பேட்டில் ‘போலி’ என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

மறுநாள் காலை அப்பா தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பார்டரில் இடப்பக்கம் பார்க்க வேண்டிய அன்னங்கள் வலப்பக்கம் பார்த்தன. டிசைனுக்காக ஓட்டை குத்திய அட்டைகளைத் திருப்பி மாட்டியிருக்கிறார்.

“அன்னம் அதேதான். அட்டைதான் திரும்பிகினு கீது,” என்றார்.

நெய்யக் கொடுத்த முதலாளியைப் பார்க்க வெட்கப்பட்டு அன்னமே திரும்பிக்கொண்டதாகச் சொல்லிவிடும்படி அம்மா யோசனை சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபிலிமைத் திருப்பி வைத்துப் பிரிண்ட் போட்டாலும் இடம் வலமாகும்.

நேராகக் கடைக்குப் போனேன். போட்டோவை எதிலிருந்து போட்டீர்கள், அந்த ஃபிலிம் எங்கே என்று கேட்டதும் கடைக்காரர் முகம் மாறியது. எடுத்துக்கொண்டு போய்விடுவேனோ என்று இப்போது அவருக்கு என்மேல் சந்தேகம். அவர் எனக்கு வாங்கிக் கொடுத்த டீ ஆறிய பிறகுதான் பீரோவிலிருந்து ஒரு ஜவ்வாது டப்பா வந்தது. கொட்டகை ஆபரேட்டர் ஒருவர் தாத்தாவிடம் கொடுத்ததாம். உள்ளே விரல் நீளத்தில் சுருண்ட ஃபிலிம் துண்டு. ஓரத்தில் ஒலிக்கான கோடு இல்லை; ஊமைப்படம்தான். படம் பதியும் பூச்சு இருந்த பக்கம் பார்த்துச் சரியாகத் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்தேன். முந்தானை இடத்தோளுக்கு வந்தது. போனில் வைத்திருந்த பத்திரிகைப் படத்தோடு முகத்தை ஒப்பிட்டேன். அவரேதான். ஆனால் இது எந்தப் படத்தின் துண்டு என்பதற்கு எதுவும் இல்லை.

“புடவ நம்ம ஊருதுன்னு ஒரு வரி போட்டுடும்மா.”

“பார்டரே தெரியலீங்களே.”

“தெரிஞ்சவன் சொல்றேன்ல?”

நான் குறிப்பேட்டில் இருந்த ‘போலி’யை அடித்தேன். பக்கத்தில் நடிகையின் பெயரை எழுதி, படத்தின் பெயருக்கு நேரே கேள்விக்குறி போட்டேன். புடவையைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அதை அவர் எட்டிப் பார்த்தார். துண்டை என் கையிலிருந்து வாங்கி டப்பாவில் போட்டு, சாவி எனக்குத் தெரியாதபடி திரும்பி நின்று பீரோவைப் பூட்டினார்.