மூன்றாம் முறை கூப்பிடட்டும் என்றிருந்தேன்

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஒரு கோடையில் நடந்தது இது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிவிட்டார். மதுரையில் கல்லூரிப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு, சோழவந்தான் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்கு நான் வந்திருந்தேன். வீடு கண்மாய்க் கரையை ஒட்டியது. பின்கதவைத் திறந்தால் கரை, கரைமேல் ஏறினால் தண்ணீர்.

அந்த வருஷம் தண்ணீர் வற்றி, நடுவில் முழங்காலளவுதான் கிடந்தது. அப்படி வற்றும்போது கண்மாயை அழிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு நாள் குறித்து, சுற்று வட்டாரம் முழுவதும் இறங்கி, இருக்கிற மீனையெல்லாம் பிடித்துவிடுவார்கள். பிடித்ததை விற்கக் கூடாது, வீட்டில் குழம்பு வைத்துத் தின்ன வேண்டும்.

அந்த நாளும் வந்தது. விடிவதற்குள் திருமங்கலம் பக்கத்திலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசினார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் ஒரே இரைச்சலாகச் சேற்றில் பாய்ந்தது. ஊத்தா என்று ஒன்று உண்டு. அடியில்லாத மூங்கில் கூடை. அதைத் தண்ணீரில் குத்தி அமுக்கி, மேல்வாய் வழியே கையை விட்டுத் துழாவினால் உள்ளே சிக்கிய மீன் கையில் தட்டுப்படும். எனக்கு அதில் பழக்கமில்லை. இருந்தும் அன்று என் ஊத்தாவில் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் மாட்டியது.

என் மச்சானுக்குக் கெண்டையும் கெளுத்தியும்தான் கிடைத்தன. அவர் என் தாய்மாமன் மகன், அக்காளைக் கட்டியவர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிறு வயதிலிருந்தே எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். தண்ணீரில் அவரை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது.

வெயில் ஏறியதும் கூட்டம் கலைந்தது. வீட்டில் ஒரே அமளி. சொந்தக்காரர்கள் வந்து நிறைந்திருந்தார்கள். அம்மா மீன் உரசிக்கொண்டிருந்தாள், அக்காள் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். என் விராலைத் தூக்கிக் காட்டி நான் சும்மா இருக்காமல் மச்சானைச் சீண்டினேன்.

"என்ன மச்சான், குஞ்சு குருமானாப் பிடிச்சுட்டு வந்திருக்கீக? எங்க அக்கா இத ஆய்றதுக்குள்ள பொழுது சாஞ்சுரும்."

அக்காளும் சேர்ந்து சிரித்துவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மடைக்கிட்ட பள்ளத்துல உன் விராலுக்கு அப்பன் ஒண்ணு படுத்துக் கெடக்கு மாப்ள. ஒலை கொதிக்கறதுக்குள்ள வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஊத்தாவைத் தோளில் போட்டுக்கொண்டு கரையேறிப் போனார்.

மிஞ்சிய மீனுக்கு உப்புத் தடவி, கரைமேல் பாய் விரித்துக் காயப்போட்டு, காக்கை ஓட்டுவது எனக்கு வந்த வேலை. கையில் ஒரு குச்சியுடன் கருவேல மரத்தடியில் உட்கார்ந்தேன். காலையில் அத்தனை கூச்சல் கேட்ட இடத்தில் இப்போது ஓர் ஈ, காக்கை சத்தம்கூட இல்லை. மீனை ஒரு காக்கையும் தேடி வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கலங்கிய சேறு வெயிலில் ஈயம் மாதிரிப் பளபளத்தது. கொக்குகள் மட்டும் நிறைய நின்றன. அவை மீன் கொத்தவில்லை. எல்லாம் மடைப் பக்கம் பார்த்தபடி அசையாமல் நின்றன. மடைக் கற்களைச் சுற்றிக் கோரை ஆளுயரம் வளர்ந்திருந்ததால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது என்னை யாரோ கூப்பிட்டார்கள்.

என் பள்ளிக்கூடப் பெயரைச் சொல்லி அல்ல. வீட்டுக்குள் மட்டும் வழங்கிய என் செல்லப் பெயரைச் சொல்லி. குரல் உரக்கவும் இல்லை, தூரத்திலிருந்து வந்த மாதிரியும் இல்லை. காதோரம் உட்கார்ந்து சொன்ன மாதிரி இருந்தது. ஆண் குரலா, பெண் குரலா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

எங்கள் கண்மாயைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. உச்சிப் பொழுதில் பெயர் சொல்லி யார் கூப்பிட்டாலும் உடனே பதில் கொடுக்கக் கூடாது. மடையில் குடியிருக்கிற ஏதோ ஒன்றுக்கு இரண்டு முறைதான் கூப்பிட முடியும், மனுஷராக இருந்தால் மூன்றாவது முறையும் கூப்பிடுவார்கள் என்பார்கள். ஊரில் ஒருவரும் இதை மீற மாட்டார்கள். மதுரை விடுதியில் இதைச் சொல்லி நண்பர்களைச் சிரிக்க வைத்தவன் நான்.

இரண்டாவது முறையும் அதே குரல் கூப்பிட்டது. வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டேன். எழுந்து ஓடினால் ஒரே மூச்சில் மடைக்குப் போய்விடலாம். மச்சான் அந்தப் பக்கம் போனது எனக்குத் தெரியும். அதை நான் மறந்துவிடவில்லை என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அவராக இருந்தால் 'மாப்ள' என்றுதானே கூப்பிடுவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மூன்றாவது முறைக்காகக் காத்திருந்தேன்.

அது வரவில்லை. கொக்குகள் அசையவில்லை. நான் குச்சியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

அடுப்படியில் அக்காள் நிமிர்ந்து பார்த்து, "அவுகள எங்க, காணோம்?" என்று கேட்டாள்.

"வந்துருவாரு" என்றேன்.

மோர் வாங்கிக் குடித்தேன். பாதி சட்டையில் சிந்தியது. வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று அம்மா திட்டினாள்.

கூலி வேலை செய்யும் குடும்பங்கள் கண்மாய்க்குள் கடைசியில்தான் இறங்க வேண்டும் என்பது அந்தக் காலத்து ஊர்க் கட்டுப்பாடு. மற்றவர்கள் அள்ளிக்கொண்டு போகும்வரை அவர்கள் தூரத்து எதிர்க்கரையில் வெயிலில் நிற்பார்கள். அப்படி நின்று, பிறகு சேற்றில் அயிரை மீன் தடவிக்கொண்டு மடைப் பக்கம் வந்த ஒரு பெண்தான் மச்சானைக் கண்டாள். அவள் போட்ட சத்தத்தில் நாங்கள் ஓடினோம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தன் சேலைத் தலைப்பை அவர் அக்குளுக்கடியில் கொடுத்துச் சுற்றி, தானும் இடுப்பளவு புதைந்து, அவரைப் பாதி வெளியே இழுத்துவிட்டிருந்தாள். மடைப் பள்ளத்துக் களிச்சேறு அவரை மூக்குவரை விழுங்கியிருந்தது.

கரையில் கிடத்தி, வாயிலிருந்து சேற்றைத் தோண்டி எடுத்தோம். அக்காள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அழக்கூடத் தோன்றாமல் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து ஒரு மூச்சு வந்தது.

சத்தம் கேட்டு வந்தாயா என்று அந்தப் பெண்ணிடம் அம்மா கேட்டாள். அவள் தள்ளி நின்று சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "சத்தமெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. கொக்கெல்லாம் ஒரே பக்கம் பாத்து நின்னுச்சு. என்னன்னு வந்து பாத்தா, சேறு மூச்சு விடுற மாதிரி கொப்புளிச்சுச்சு."

நான் அவளுக்குப் பின்னால் நின்றேன்.

மச்சான் பிழைத்தார். மதுரை ஆஸ்பத்திரியில் காய்ச்சலோடு நாட்கணக்கில் கிடந்தார். ஒரு நாள் நான் துணைக்கு உட்கார்ந்திருந்தபோது அவராகவே பேச்சை எடுத்தார். அப்போது நீ எங்கே இருந்தாய் என்று கேட்கப் போகிறார், கேட்டால் சொல்லிவிட வேண்டும் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டேன். அவர் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

"கூப்பிடணும்னுதான் பாத்தேன் மாப்ள. வாயத் தெறந்தா சேறு. சத்தமே வரல. சரின்னு மனசுக்குள்ளயே உன்னையக் கூப்பிட்டேன். மாப்ளன்னா ஊருல அம்புட்டுப் பேரும் மாப்ளதான. அதான் உன் வீட்டுப் பேரச் சொல்லி. ரெண்டு தடவ கூப்பிட்டது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஒண்ணும் தெரியல."

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான், "தூங்குங்க மச்சான்" என்று சொல்லி விசிறியை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் நெஞ்சு பழையபடி ஆகவில்லை. கொஞ்சம் நடந்தாலும் இளைக்கும். உழவை விட்டார், தண்ணீரில் இறங்குவதை விட்டார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அக்காள்தான் குடும்பத்தை இழுத்தாள். எனக்கு உத்தியோகம் கிடைத்த பிறகு என்னால் ஆனதைச் செய்தேன். மைத்துனனுக்கு இவ்வளவு பாசமா என்று ஊரே மெச்சியது. அக்காளும் அதை நம்பினாள். அவர் காலமாகி வருஷங்கள் ஆகின்றன, அக்காளும் போய்விட்டாள். இனி இதைச் சொல்வதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

படித்தவன் என்பதால் பலவிதமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். வெயில் மயக்கம் என்பேன், மனப்பிரமை என்பேன். அவர் உண்மையாகவே கத்தியிருக்கலாம், காய்ச்சலில் மறந்திருக்கலாம் என்றும் நினைப்பேன். எந்தப் பதிலும் ஒரு பகலுக்கு மேல் தாங்குவதில்லை. ஆனால் அந்தக் குரல் எதனுடையதாக இருந்தாலும், அது கூப்பிட்டது ஒரு மனிதனைக் காப்பாற்றச் சொல்லித்தான். மடையில் இருப்பது தன்னைத் தேடி வந்துவிடுமோ என்று பயந்து, வீட்டுக்குள் போய் மோர் குடித்தவன் நான் என்பது மட்டும் இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறது.