அனுமதிச்சீட்டில் இவோனெச்சியின் பெயர்

இருபத்திரண்டு வருடமாக இலை துடைக்கும் பெண்களுக்குத் தலைவி சுல்மீரா. சபை வழிபாட்டில் குடிக்கும் தைமி என்ற கஷாயத்தைக் காய்ச்சும்போது ஆண்கள் கொடியை இடிப்பார்கள், பெண்கள் இலையை ஒவ்வொன்றாக, முன்னும் பின்னும் துடைப்பார்கள். யார்மேலாவது மனத்தாங்கல் இருந்தால் இலையைத் தொடக்கூடாது. கசப்போடு துடைத்த இலை, குடிக்கிறவர்களைப் படுத்திவிடுமாம். எல்லோர் முன்னும் சொல்லிவிட்டு, அந்த முறை எழுந்து போய்விட வேண்டும். இந்த விதியைச் சொல்லி எத்தனையோ பேரை விரட்டியவள் சுல்மீராவேதான்.

இந்த வருடம் யோவான் திருவிழாவுக்கு வெட்டியது அவள் நிலத்துக் கொடி. புருஷன் இறந்த கையோடு அவளே நட்டது, பத்து வருடமாயிற்று. வழிபாட்டுக்குத் தைமி குடிக்க அரசாங்கத்தில் தடையில்லை. ஆனால் கொடியை வெட்டி லாரியில் ஏற்ற அனுமதிச்சீட்டு வேண்டும். அதை வாங்கி வந்தவள் இவோனெச்சி. குரிச்சிபா பட்டணத்திலிருந்து வந்து மூன்றே வருடம், கம்ப்யூட்டர் தெரியும், அவ்வளவுதான் அவள் பெருமை. சீட்டில் பொறுப்பாளர் என்று அவள் பெயர். சுல்மீராவுக்கு வயிறு எரிந்தது.

"யார் பேரா இருந்தா என்னக்கா? கொடி வந்து சேர்ந்தா சரிதானே?" என்றாள் இவோனெச்சி.

"உனக்கென்னம்மா, தட்டினா பேர் விழுது. எனக்கு மண்ணத் தோண்டித்தான் பழக்கம்."

கொடியை ஏற்றிவர லாரி புறப்பட இருந்த காலையில் சீட்டு சபைச் சமையலறை மேஜைமேல் கிடந்தது. சுல்மீரா அதை நாலாக மடித்து, இலை துடைக்கும்போது கட்டும் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். டிரைவர் கேட்பான், இவோனெச்சி திருதிருவென்று முழிப்பாள், கொஞ்ச நேரம் வேடிக்கை பார்க்கலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் டிரைவர் தெல்சோ கேட்காமலே வண்டியை எடுத்துவிட்டான்.

ஒரு மணி நேரத்தில், கொடியோடு திரும்பிய லாரியை மடக்கிய சோதனைச்சாவடியிலிருந்து போன் வந்தது. சீட்டு இல்லையென்றால் கொடி பறிமுதல், பொறுப்பாளர்மேல் வழக்கு.

"பொறுப்பாளர் நான்தானே, நானே போறேன்" என்று இவோனெச்சி பைக்கை எடுத்தாள். முகம் வெளுத்திருந்தது. சுல்மீராவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாசலுக்கு ஓடி, யாரும் பார்க்காமல் சீட்டை அவள் கையில் திணித்தாள். இலை ஈரத்தில் நனைந்த காகிதத்தையும் ஏப்ரனையும் இவோனெச்சி மாறி மாறிப் பார்த்தாள். சீட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

மதியம் கொடி வந்து சேர்ந்தது. சபைத் தலைவர் எவிலாசியோ இலைக்குவியலருகே வந்து என்ன நடந்ததென்று கேட்டார்.

"என் தப்புதான் ஐயா. மேஜையிலேயே மறந்துட்டேன்" என்றாள் இவோனெச்சி.

"பட்டணத்துப் பொண்ணா இருந்தும் எப்படி ஒத்துக்குது பாரு! நல்ல மனசு" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

சுல்மீரா ஒரு இலையைத் துடைத்தாள். அதையே திரும்பவும் துடைத்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் தலைமை இடம் தப்பும். ஆனால் என் கொடியையும் எடுத்துக்கொண்டு, என் தப்பையும் எடுத்துக்கொண்டு, நல்ல பேரையும் இவளே கொண்டுபோவதா? அதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

"அவ மறக்கல ஐயா. நான்தான் ஒளிச்சு வச்சேன். பொறாமை. இன்னும் போகல."

எவிலாசியோ அவள் கையிலிருந்த ஈரத்துணியை வாங்கி, யாரிடம் கொடுப்பதென்று சுற்றிலும் பார்த்தார்.

"இவோனெச்சிகிட்டயே குடுங்க. வேற யாருக்கு ஒழுங்காத் துடைக்கத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, அழுதுகொண்டே எழுந்து போனாள் சுல்மீரா.